துளசி போகும் பக்கம்

அக்டோபர் 9, திங்கள்

அல்போன்ஸ் சாரிடமிருந்து கதை வந்துவிட்டது. வழக்கம்போல கோடு போட்ட நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். 'மலைக்கோட்டை ஐவர்', இருபத்து நான்காவது புத்தகம். மொத்தம் அறுபத்து நான்கு பக்கம். கடைசி ஆறு பக்கத்தை மட்டும் பிறகு அனுப்புகிறாராம்.

இதோடு தொடர் முடிகிறது. போன மாதமே சிவகாசியிலிருந்து அண்ணாச்சி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "பதினோரு வருசம் ஓட்டிட்டோம்மா. பிள்ளைக எல்லாம் போனுக்குள்ள போயிருச்சு. நல்லபடியா முடிச்சிருவோம். சென்னை புத்தகக் காட்சிக்கு வந்துரணும், பாத்துக்க." சரி அண்ணாச்சி என்றேன். அவர் பதிப்பாளர், சார் கதை எழுதுகிறவர், நான் படம் வரைகிறவள். நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது பதினோரு வருடத்தில் இரண்டே முறை. சார் விழுப்புரத்தில் இருக்கிறார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றதெல்லாம் போனில்தான்.

டிசம்பர் பதினைந்துக்குள் எல்லாப் பக்கமும் போய்ச் சேர வேண்டும். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் சரியாக இருக்கும்.

கடைசித் தடவை என்பதால் ஐந்து பேரையும் ஒரே தாளில் நிற்க வைத்து வரைந்து பார்த்தேன். விழுகிற எதையும் அந்தரத்தில் நிறுத்துகிற சிபி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேசுவதை இந்தப் பக்கத்திலிருந்து கேட்கிற ரஹீமா. சுவருக்குள் புகுந்து வந்து ஒவ்வொரு தடவையும் தும்முகிற டேனி. பஸ்ஸைத் தூக்கிவிட்டு மறுநாள் தோள் வலி என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுகிற பூபதி. நினைத்தபோது மறைகிற துளசி.

துளசியை மட்டும் மூன்று தடவை அழித்தேன். பதினாறு வயது ஆகப்போகிறது அவளுக்கு. தாடை இவ்வளவு நீளுமா என்று தெரியவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

மழை. மொட்டைமாடிக் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. துணி வைத்து அடைத்தேன். பக்கம் ஒன்று முடிந்தது.

அக்டோபர் 13, வெள்ளி

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நாலே கால் மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து குவிவார்கள். பூக்கடைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தால் அந்த மாதத்துக்குத் தேவையானது கிடைத்துவிடும். இந்த வருடப் பெண்கள் பையை இரண்டு தோளிலும் மாட்டுவதில்லை. ஒரு தோள்தான். கைக்குட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "நீ பேசாத, உன் பேச்சு காய் விட்டு ரெண்டு நாளாச்சு" என்றாள். எழுதி வைத்துக்கொண்டேன். சாரிடம் சொன்னால் உடனே கதையில் போட்டுவிடுவார்.

பூக்காரம்மா கேட்டாள். "தினம் வர்றீங்களே, பாப்பா எந்த ஸ்கூலு?"

தினமெல்லாம் வருவதில்லை. மாதத்துக்கு மூன்று நான்கு தடவைதான்.

"ப்ளஸ் ஒன் படிக்கிறா" என்றேன். அது உண்மைதான். அம்மு ப்ளஸ் ஒன்தான் படிக்கிறாள். கோயம்புத்தூரில், அவள் அப்பாவோடு. அங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது.

ஒரு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு நடந்தே உறையூர் வந்து சேர்ந்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. கடைசி ஆறு பக்கமும் இன்று காலை வந்தன. படித்துவிட்டுக் கையோடு சாரைக் கூப்பிட்டேன்.

ஐவரின் சக்தியையும் உறிஞ்சி எடுக்கும் ஒரு இயந்திரம். அதை நிறுத்த யாராவது உள்ளே போக வேண்டும். துளசி மறைந்துகொண்டு போகிறாள், நிறுத்துகிறாள். ஆனால் அதற்கப்புறம் அவள் யார் கண்ணுக்கும் தெரிவதே இல்லை. நால்வரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முற்றும்.

"சார், துளசி திரும்ப வர மாட்டாளா?"

"வரமாட்டாம்மா. அதானே முடிவு. படிக்கிற புள்ள புஸ்தகத்தை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும்."

"வேற யாராவது போகலாமே. டேனி போகட்டும். சுவருக்குள்ள புகுறவன்தானே."

"டேனி தும்மிருவான், மாட்டிப்பான்." சிரித்தார். நான் சிரிக்காததைக் கவனித்திருக்க வேண்டும். "என்னம்மா எழில்? அம்முக்குத் துளசியைப் பிடிக்குமா? அழுவான்னு பாக்குறியா?"

"ஆமா சார்" என்றேன்.

"பதினாறு வயசுப் பொண்ணுக்கு இதெல்லாம் தாங்கும். குடுத்துப் பாரு."

கொடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மதியம் சமைக்கவில்லை. நேற்றைய ரசம் இருந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

பத்தொன்பது பக்கம். ஒரு நாள் பின்தங்கியிருக்கிறேன். பிரஷ் முடி உதிர்கிறது. புதிது வாங்க வேண்டும்.

கீழ்வீட்டு விசாலம் மாமி வாடகை ரசீது கொடுக்க மேலே வந்தவர் மேஜையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு யாரு, உங்க ஜாடை அடிக்கறதே" என்று துளசியைக் காட்டினார். அம்மு இந்த வீட்டுக்கு வந்ததில்லை. மாமிக்குத் தெரிய வழியில்லை. எல்லா முகமும் கொஞ்சம் வரைகிறவர் ஜாடையில்தான் வரும் மாமி என்றேன்.

பதினான்காவது புத்தகம் வரைக்கும் துளசிக்கு வேறு முகம் இருந்தது. வட்ட முகம், சுருட்டை முடி. பதினைந்தாவதில் மாற்றினேன். துளசியைத் தூக்கிவிட்டு வேறு பெண்ணை வைத்துவிட்டார்களா என்று ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம்கூடப் போட்டார். சார் கேட்டதற்கு, வயதாகிறதே சார், முகம் மாறும்தானே என்று சொல்லிவிட்டேன். அது அம்மு கோவைக்குப் போன வருடம். கோர்ட்டில் அப்படி முடிவானது.

அப்போது அவளுக்குப் பதினொன்றரை வயது. அதற்கப்புறம் ஒவ்வொரு புத்தகத்திலும் நானாக யோசித்து அரை வயது கூட்டி வரைகிறேன்.

நவம்பர் 3, வெள்ளி

அம்முவுக்கு இன்று பதினாறு.

காலை பதினொரு மணிக்கு அவள் அப்பா முரளியின் நம்பருக்குக் கூப்பிட்டேன். வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் கூப்பிடுவேன். அவரும் எடுப்பார்.

"ஸ்கூல் போயிருக்கா."

"தெரியும். சாயங்காலம் சொல்லிடுங்க."

"சொல்றேன்."

வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "எவ்வளவு உயரம் இருக்கா?" என்று கேட்டேன்.

"என் காது வரைக்கும் வந்துட்டா." பிறகு அவராகவே சொன்னார். "எழில், ஒண்ணு தெரிஞ்சுக்கோ. உன்கிட்டப் பேசக்கூடாதுன்னு நான் என்னைக்கும் அவளைத் தடுத்தது கிடையாது."

தெரியும் என்றேன். தெரியாத மாதிரிதான் இத்தனை நாள் இருந்தேன்.

முரளியின் காதுவரை என்றால் ஐந்தடி நாலு அங்குலமாவது இருக்கும். துளசியை எல்லாப் பக்கத்திலும் குட்டையாக வரைந்திருக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து திருத்த வேண்டும்.

நவம்பர் 4, சனி

திருத்தவில்லை. இருபத்திரண்டாம் பக்கம் தொடங்கினேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. விடிந்ததிலிருந்து தெரு முழுக்க வெடிச்சத்தம். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மாமி தட்டில் பட்சணம் கொண்டுவந்து கொடுத்தார். "தனியா இருக்கேளே, மத்தியானம் கீழ வந்து சாப்பிடுங்கோ" என்றார். அவர் வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். வேலை இருக்கிறது மாமி என்றேன். வேலை எப்போதும் இருக்கிறது.

இன்றைக்கு எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

அம்மு ஆறாவது படிக்கும்போது ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கே பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். வயிற்று வலி. வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்க வைத்தேன். ஐந்து மணிக்குக் கூரியர். ஆறு பக்கம் மை போட வேண்டியிருந்தது. பதினான்காவது புத்தகம். முரளி அப்போது வாரம் ஒருமுறைதான் கோவையிலிருந்து வருவார்.

இரண்டு மணிக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். "அம்மா, ரொம்ப வலிக்குது." ஓமத்தண்ணீர் கொடுத்தேன். கணக்குப் பரீட்சை அன்றைக்கு. அதற்குப் பயந்துகொண்டு சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு தடவை முன்னால் செய்தும் இருக்கிறாள். மூன்று மணிக்கு மறுபடியும் வந்தாள். "இன்னும் ரெண்டு பக்கம்தான் கண்ணு, போய்ப் படு" என்றேன். திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். மை காய்வதற்குள் அடுத்த கோடு போட வேண்டும்.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

கூரியர் பையன் கவரை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். உடம்பு கொதித்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. அதில் நான்கு நாள் பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.

முரளி சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

நவம்பர் 13, திங்கள்

நேற்று எழுதியதைப் படிக்கவில்லை. பக்கம் 31.

நவம்பர் 19, ஞாயிறு

முப்பத்து நான்கு பக்கம்தான் ஆகியிருக்கிறது. ஒரு வாரம் பின்தங்கிவிட்டேன். அண்ணாச்சி இரண்டு முறை கூப்பிட்டார். காய்ச்சல் என்று சொன்னேன்.

கோர்ட்டில் அப்படி முடிவானது என்று போன மாதம் எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால் முடிவெடுத்தது அம்மு. ஜட்ஜ் அவளைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று கேட்டார். எனக்காக வாதாடிய வக்கீலம்மா அன்று சாயங்காலம் அவள் சொன்னதை எனக்குச் சொன்னார். சொல்ல அவருக்கும் மனசில்லை. நான்தான் வற்புறுத்திக் கேட்டேன்.

"அம்மாவுக்கு ஏற்கெனவே அஞ்சு பிள்ளைங்க இருக்காங்க. நான் அப்பாகூடப் போறேன்."

மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்று உத்தரவு இருந்தது. இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை பூங்காவில் ஒரு மணி நேரம் பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. மூன்றாம் மாதம், அவள் வரமாட்டேன் என்கிறாள் என்று முரளி சொன்னார். உத்தரவைக் காட்டி இழுத்து வர எனக்கு மனசில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு புத்தகம் வந்ததும் ஒரு பிரதியைக் கூரியரில் அனுப்புகிறேன். அவள் பெயருக்கு. உள்ளே ஒன்றும் எழுதுவதில்லை. ஒன்பது புத்தகம் அனுப்பியாயிற்று. எதுவும் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நவம்பர் 24, வெள்ளி

சார் கூப்பிட்டார். ஏதோ ஒரு கட்டத்துக்கு வசனம் போதவில்லை என்றார். "இப்ப பொம்பளப் புள்ளைங்க சண்டை போட்டா என்ன சொல்லிக்கிறாங்க? அம்முகிட்ட கேட்டுச் சொல்லேன்."

வழக்கமாக இப்படித்தான் கேட்பார். நானும் ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, அம்மு இப்படிச் சொன்னாள் சார் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டதில் ஒன்றைச் சொல்வேன். இன்றைக்கும் 'பேச்சு காய்' கையில் தயாராக இருந்தது.

"சார், அம்மு எங்கூட இல்ல" என்றேன்.

"எங்க போயிருக்கா? வந்ததும் கேளு, அவசரமில்ல."

"நாலரை வருசமா இல்ல சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். தீபாவளியன்று இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன். ஒருமுறை எழுதியிருந்ததால் சொல்ல வந்தது. பின்னால் ஏதோ ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான்.

முடித்ததும் கேட்டார். "அப்ப அம்மு சொன்னா, அம்மு சொன்னான்னு நீ குடுத்த வசனமெல்லாம்?"

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிற பிள்ளைங்க பேசுனது சார்."

"உங்கிட்டப் போன்ல பேசும்போது பின்னாடி ஒரு சத்தமும் கேக்காது. பொண்ணு படிச்சிட்டிருக்குன்னு நெனச்சுப்பேன். எம் பேரன் போடுற கூச்சல்ல நான் வீட்டைவிட்டு வெளிய வந்துதான் உங்கிட்டப் பேசுவேன். எனக்குத் தெரியாமப் போச்சேம்மா. தெரிஞ்சிருந்தா அந்த முடிவை எழுதியிருக்க மாட்டேன். இப்ப என்ன, துளசியைக் கூட்டிட்டு வந்துருவோம். ரஹீமாவுக்குக் கேக்கட்டும் அவ மூச்சு. தேடிப் புடிச்சிரட்டும். நாளைக்கே மாத்தித் தர்றேன்."

நான் கேட்டது அதைத்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் அதற்காகத்தான் சண்டை போட்டேன். ஆனால் அவர் தருகிறேன் என்றதும் வேண்டாம் என்று தோன்றியது.

"வேண்டாம் சார். நம்ம கதையில மட்டும் அவ திரும்பி வந்தா, அது எனக்கு நானே சொல்லிக்கிற பொய்."

"அப்ப மறைஞ்சே போகட்டுங்கிறியா?"

"அதுவும் பொய்தான் சார். அவ மறையல. போனா. கண்ணு முன்னாடி நடந்து போனா."

"நாலு நாள் குடு" என்றார்.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை தீபம். மாமி படியெல்லாம் அகல் வைத்திருந்தார். என் வாசலிலும் இரண்டு வைத்துவிட்டுப் போனார். காற்றில் ஒன்று அணைந்துவிட்டது. பக்கம் 41.

நவம்பர் 28, செவ்வாய்

புதிய ஆறு பக்கம் வந்தது. சொன்னபடி நாலே நாள்.

துளசி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வருகிறாள். முழுசாக, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. அவள் சக்தி போய்விட்டது. மற்ற நால்வரும் கட்டிப்பிடித்துக் கொண்டாடுகிறார்கள். அவள் சொல்கிறாள்: "நான் போறேன்." ஏன் என்று கேட்கிறார்கள். "நான் மறைஞ்சிருந்தப்ப நீங்க யாரும் தேடல. உங்களுக்கு வேலை இருந்துச்சு." அவ்வளவுதான் அவள் வசனம். அடுத்த பக்கங்களில் பஸ் ஏறுகிறாள். கடைசிப் பக்கம் முழுக்க ஒரே கட்டம். பஸ் போகிறது. நால்வரும் நிற்கிறார்கள். யாருக்கும் வசனம் இல்லை.

அடியில் சார் எழுதியிருக்கிறார்: 'எழில், முகத்தை மறைக்காதே. ஜன்னலோரம் உட்கார வை.'

படித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு மை போட்டேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

நாளுக்கு இரண்டு பக்கம் போகிறது. வலது கட்டைவிரலில் கொப்புளம். சமையல் தயிர் சாதம்தான். பக்கம் ஐம்பத்து நான்கு.

டிசம்பர் 11, திங்கள்

அறுபதும் அறுபத்தொன்றும் முடிந்தன. துளசி பஸ் ஏறும் பக்கங்கள்.

இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. வேறு பிள்ளைகளைப் பார்த்து இவளை வரையக் கூடாது என்று இருந்தது. கோர்ட்டிலிருந்து முரளியோடு கார் ஏறினாளே, அந்த நடையை நினைவில் வைத்து வரைந்தேன். வேகமாகப் போகவில்லை அவள். ஓடியிருந்தால் கோபம் என்று வைத்துக்கொண்டிருப்பேன். சாதாரணமாக, பள்ளிக்கூடம் போகிற மாதிரி நடந்தாள். நான் வராந்தாவில் நின்றேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாளோ என்று பயம்.

டிசம்பர் 14, வியாழன்

முடிந்தது. அறுபத்து நான்கு பக்கமும் அனுப்பிவிட்டேன். மேஜையைத் துடைத்தேன். மைப்புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். மதியம் மூன்று மணிக்குச் செய்ய ஒன்றுமில்லை. பதினோரு வருடத்தில் இப்படி ஒரு மூன்று மணி இருந்ததில்லை.

அண்ணாச்சி கூப்பிட்டார். "முடிவு கொஞ்சம் மனசைக் கலக்குதேம்மா. ஆனா நல்லாருக்கு. அப்படியே போட்டுருதேன்."

டிசம்பர் 18, திங்கள்

அம்முவுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். கிழித்துவிட்டேன். அதில் கூரியர் நேரம், வீட்டுச் செலவு, முரளி ஊரில் இல்லாதது எல்லாம் இருந்தது.

டிசம்பர் 20, புதன்

மறுபடி எழுதினேன். ஒரு பக்கம். அதிலும் நான்தான் அழுதுகொண்டிருந்தேன். கிழித்தேன்.

டிசம்பர் 27, புதன்

இதுதான். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

'அம்முவுக்கு, வலிக்கிறது என்று நீ இரண்டு முறை வந்து சொன்னாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். நீ ஜட்ஜிடம் சொன்னது சரி. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. அம்மா.'

ஜனவரி 3, புதன்

புத்தகம் வந்துவிட்டது. அண்ணாச்சி பத்துப் பிரதி அனுப்பியிருக்கிறார். அச்சு நன்றாக வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தின் வானம் மட்டும் கொஞ்சம் அதிக நீலம்.

ஒன்றைக் கோவைக்கு அனுப்பினேன். கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைக்கவில்லை. தனியே மேலே வைத்தேன். படிக்க வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துப் போட வசதியாக இருக்கும்.

சென்னைக்கு வரச்சொல்லி அண்ணாச்சி கூப்பிட்டார். அரங்கில் உட்கார்ந்து வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

ஜனவரி 5, வெள்ளி

கூரியர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று போனில் செய்தி வந்தது. வாங்கியவர் பெயர்: அமுதினி.

அம்முவே வாங்கியிருக்கிறாள். கையெழுத்தின் படமும் இருந்தது. விரலால் கிறுக்கியது, ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஜனவரி 6, சனி

மதியம் பன்னிரண்டரை. குக்கர் இரண்டாவது விசில் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ, நான் அமுதினி பேசறேன்."

குரல் கனத்திருந்தது. நான் மனதில் வைத்திருந்த குரல் இல்லை. "சொல்லும்மா" என்றேன். கண்ணு என்று வந்ததை விழுங்கினேன்.

"லெட்டர் படிச்சேன். அதப் பத்தி இப்பப் பேசல."

"சரி."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அறுபதாம் பக்கத்துல துளசி பஸ் படியில ஏறும்போது பை இடது தோள்ல இருக்கு. அறுபத்தொண்ணுல வலது தோளுக்கு வந்துருச்சு."

எனக்கு உடனே புரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். சரிதான். அறுபதில் இடது, அறுபத்தொன்றில் வலது. நானும் பார்க்கவில்லை, சாரும் பார்க்கவில்லை.

"ஆமா. தப்புதான்."

"எல்லாப் புக்லயும் இப்படித்தான் ஏதாவது இருக்கு. நான் ஒரு நோட்ல எழுதி வெச்சிருக்கேன். பதினஞ்சாவதுலேருந்து."

பதினைந்தாவதுதான் நான் அனுப்பிய முதல் புத்தகம். மேஜையிலிருந்து பென்சிலை எடுத்தேன். "சொல்றியா? எழுதிக்கறேன்" என்றேன்.

நோட்டைத் தேடி எடுத்துவரும் சத்தம் கேட்டது. காகிதம் புரளும் சத்தமும் கேட்டது. பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். வாத்தியார் விடைத்தாளைத் திருத்திச் சொல்கிற மாதிரி, ஒரே சீராக. பதினைந்தாவது, ஒன்பதாம் பக்கம்: ரஹீமா கையில் வாட்ச் இருக்கிறது, பத்தாம் பக்கத்தில் இல்லை. இருபத்தாறு: பூபதிக்கு ஆறு விரல். பதினாறாவது, நான்காம் பக்கம்: ஞாயிற்றுக்கிழமை என்று டேனி சொல்கிறான், எல்லாரும் யூனிஃபார்மில் இருக்கிறார்கள்.

"ஆறு விரலா?" என்றேன்.

"எண்ணிப் பாருங்க."

அலமாரியிலிருந்து பதினைந்தாவதை எடுத்து எண்ணினேன். ஆறுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமிருந்தும் ஏதோ சத்தம் வந்தது. சிரிப்பா, மூக்கை உறிஞ்சினாளா, தெரியவில்லை.

பதினேழாவது பாதியில் நிறுத்தினாள். "ட்யூஷனுக்கு டைம் ஆச்சு. மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை சொல்றேன்."

"துளசி உயரம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"குட்டையா இருக்கா" என்றாள். வைத்துவிட்டாள்.

நாற்பத்திரண்டு நிமிடம் பேசியிருக்கிறோம். சோறு குழைந்துவிட்டது. அப்படியே சாப்பிட்டேன்.

ஜனவரி 8, திங்கள்

சாரிடம் சொன்னேன். "ஆறு விரலா!" என்று அவரும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 13, சனி

பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டாள்.

பதினேழாவதில் மீதி நான்கு தப்பு. பதினெட்டாவதில் ஐந்து. ஒன்றை நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிபியின் சட்டைப் பை வலது பக்கம் இருப்பது கண்ணாடிக்குள் தெரிகிற பிம்பம், அதனால் சரி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அதை அடிச்சிடறேன்" என்றாள். பேனா கீறும் சத்தம் கேட்டது.

நோட்டில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"பத்தொன்பது?" என்று கேட்டேன்.

"பத்தொன்பதுல ஒண்ணும் எழுதல."

"தப்பே இல்லையா?"

"தெரியல. துளசி காய்ச்சலோட படுத்திருப்பால்ல, மத்த நாலு பேரும் அவ பக்கத்துலேயே உக்காந்திருப்பாங்களே, அந்தக் கதை. அதுல தப்பு தேடல." ஒரு நொடி விட்டு, "நல்லாருந்துச்சு" என்றாள்.

சரி என்றேன். அவளும் சரி என்றாள். இருவரும் வைக்கவில்லை. அவள் வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "வர்றேன், போன்ல இருக்கேன்" என்றாள்.

"யாரு போன்ல?" என்று அந்தக் குரல் கேட்டது. முரளியாக இருக்கும்.

"அம்மா" என்றாள்.